பீப்பாய்க்குள் வந்த புத்தகங்கள்

ஜனவரி 14, 2023, சனி

மைன்ஸ் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் பதினொரு வருடமாக இருக்கிறேன். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் கூட்டன்பர்க் அருங்காட்சியகத்துக்குள் இன்றுதான் முதல்முறையாகப் போனேன்.

உலோகத்தில் எழுத்து வார்த்து அச்சடிக்கும் முறையை ஐரோப்பாவில் தொடங்கிய மைன்ஸ்காரர் கூட்டன்பர்க். அவர் அச்சடித்த பைபிளை வெளிச்சம் குறைந்த ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. 1455 வாக்கில் முடிந்த வேலை. ஏறக்குறைய 180 படிகள் அடித்தார்கள், இன்று ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. மையின் கறுப்பு இன்னும் மங்கவில்லை. அந்தக் கறுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் சிவப்பும் நீலமுமான பெரிய முதலெழுத்துகளைக் கவனித்தேன். அவை அச்சு அல்ல. அச்சகத்தார் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். வாங்கியவர் தன் ஊரில் ஓர் ஓவியரைப் பிடித்து அவற்றை வரைந்து வாங்கிக்கொண்டார், பைண்டரிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டார். ஆக, அச்சகத்தை விட்டுப் புறப்பட்டபோது அது புத்தகமே இல்லை, தாள்களின் அடுக்கு. நான் சரக்குக் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்ப்பவள். அந்தத் தாள்களை எதில் கட்டி, யார் எப்படி அனுப்பினார்கள் என்ற கேள்வி ரயிலில் வரும்போதே மனதில் உட்கார்ந்துவிட்டது. இந்தக் குறிப்புகளை அதற்காகத்தான் தொடங்குகிறேன்.

ஜனவரி 16, திங்கள்

கூட்டன்பர்க் கதையில் எல்லாரும் எழுத்து வார்த்த கதையைச் சொல்வார்கள். எனக்குக் கடன் கதைதான் முக்கியமாகப் படுகிறது. யோஹான் ஃபுஸ்ட் என்ற மைன்ஸ்காரர் முதலில் 800 குல்டன் (அந்தக் காலத் தங்க நாணயம்) கொடுத்தார், பிறகு இன்னொரு 800. 1455-இல் வழக்குப் போட்டு, வட்டியோடு சேர்த்து 2,026 குல்டன் கேட்டார். அந்த நவம்பர் 6-ஆம் தேதி எழுதப்பட்ட பத்திரம் இன்னும் இருக்கிறது. அதன் பிறகு ஃபுஸ்ட், கூட்டன்பர்க்கிடம் வேலை பார்த்த பேட்டர் ஷோஃபரைச் சேர்த்துக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார்.

ஃபுஸ்ட்டை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பக்கத்துச் சிக்கலும் இருக்கிறது. கையால் எழுதும் காலத்தில் ஒருவர் கேட்ட பிறகு ஒரு படி எழுதிக் கொடுத்தால் போதும். அச்சில் அப்படி முடியாது. எழுத்து வார்க்க வேண்டும், 180 படிக்கும் தாள் முன்கூட்டியே வாங்க வேண்டும், இரண்டு மூன்று வருடம் கூலி கொடுக்க வேண்டும். கடைசித் தாள் அடித்து முடிக்கும்வரை முழுப் புத்தகமாக விற்க ஒன்றுமே கையில் இருக்காது. போட்ட பணமெல்லாம் தாளாக மாறி அடுக்கில் கிடக்கும்.

இந்தப் பைபிளுக்கு நல்லகாலம், வாங்க ஆள் இருந்தது. பின்னாளில் போப் இரண்டாம் பயஸ் ஆன பிக்கொலோமினி 1455 மார்ச்சில் ஒரு கடிதம் எழுதுகிறார்: ஃபிராங்க்ஃபர்ட்டில் அந்தத் தாள்களைப் பார்த்தேன், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம், ஆனால் முடிவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டதாம். நான் குடியிருக்கும் ஊரில், வேலையே முடியாத புத்தகத்தின் மாதிரித் தாள்கள் கைமாறியிருக்கின்றன!

ஜனவரி 19, வியாழன்

விற்காமல் போனவர்கள் கதையும் உண்டு. ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் 1465-இல் சுபியாக்கோ மடத்திலும், பிறகு ரோமிலும் அச்சடித்தவர்கள். இத்தாலியில் இந்தத் தொழிலை ஊன்றியவர்களே அவர்கள்தான். பெரும்பாலும் ஒரு நூலுக்கு 275 படி அடித்தார்கள். சிசெரோ, மறுபடி சிசெரோ என்று லத்தீன் செவ்வியல் நூல்களையே அதிகம் போட்டார்கள். 1472-இல் போப்புக்கு ஒரு விண்ணப்பம் போகிறது: வீடு நிறைய அச்சடித்த தாள் இருக்கிறது, சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

மதிய இடைவேளையில் இதைப் படித்தேன். எதிரே எங்கள் கிடங்கில் எட்டு மாதமாக நகராத சரக்கு. அந்த இருவரின் வீடு கண்முன் அப்படியே வந்தது. அவர்களுடைய எழுத்து அழகு, உழைப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. ரோமில் அந்த நூல்களைப் படிக்கக்கூடியவர்கள் அத்தனை பேர்தான். பக்கத்து ஊர்களுக்கும் மலைக்கு அப்பாலும் சரக்கைக் கொண்டுபோகும் ஆள்கட்டு அவர்களிடம் இருந்திருந்தால் அந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 22, ஞாயிறு

மதியம் மழை விட்டதும் புக்காஸ்ஸவுக்கு நடந்து போனேன். புத்தகச் சந்து என்று பொருள். லியோன்ஹார்ட் தேவாலயத்தின் அருகே மைன் ஆற்றை நோக்கி இறங்கும் தெரு. பெயரைத் தவிர பழசு என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. ஆற்றங்கரையில் போய் நின்றேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் வருடத்துக்கு இரண்டு சந்தை கூடும். ஒன்று ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இன்னொன்று இலையுதிர் காலத்தில். மைன்ஸிலிருந்து படகில் வந்துவிடலாம். பாசலிலிருந்து ரைன் வழியாக இறங்கி வரலாம். புத்தகங்கள் வந்தது பீப்பாயில். மீனும் ஒயினும் வரும் அதே மாதிரி மரப் பீப்பாய். கட்டாத தாள்களை அடுக்கி உள்ளே வைத்து மூடிவிட்டால் தண்ணீர் புகாது, கரையில் உருட்டியே கொண்டுபோகலாம், பலகை அட்டையும் தோலும் சுமக்கிற எடை மிச்சம். சரக்குக் கட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன். இதைவிடச் சரியான கட்டு அந்தக் காலத்துக்கு எனக்குத் தோன்றவில்லை.

சந்தையில் விற்பனை மட்டும் நடக்கவில்லை. போன சந்தையில் கடனுக்குக் கொடுத்ததை இந்தச் சந்தையில் வசூலித்தார்கள். ஆறு மாதத் தவணை என்பது ஊரறிந்த வழக்கம். 1564-இல் ஔக்ஸ்பர்க் வியாபாரி கேயோர்க் வில்லர் சந்தைக்கு வரும் புத்தகங்களின் பட்டியலையே அச்சடித்துத் தரத் தொடங்கினார்.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஷோஃபர் செய்த ஒன்று எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. 1470 வாக்கில் இருபது சொச்சம் நூல்களின் பெயரை ஒற்றைத் தாளில் அடித்து விளம்பரம் விட்டார். அடியில் ஒரு வரி மட்டும் அவர் அச்சடித்த சங்கீதப் புத்தகத்தின் (பைபிளின் துதிப்பாடல்கள்) பெரிய எழுத்தில்: எழுத்து இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. விற்பவர் எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்பதை அச்சடிக்கவில்லை. ஊருக்கு ஊர் மாறுமே! மிஞ்சியிருக்கும் தாளில் அதைக் கையால் எழுதியிருக்கிறார்கள்: 'காட்டு மனிதன்' விடுதி.

ஜனவரி 23, திங்கள்

இன்றைய தேதியை வேண்டுமென்றே கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்கிறேன். 535 வருடத்துக்கு முன்பு, 1488 ஜனவரி 23-இல், வெனிஸில் ஒரு கடைக்கணக்கு நின்றுபோகிறது.

கடைக்காரர் பெயர் ஃபிரான்செஸ்கோ தே மாதீஸ். அவருடைய சிட்டை வெனிஸின் மார்ச்சியானா நூலகத்தில் இருக்கிறது. 'சோர்னாலே' என்கிறார்கள், வெனிஸ் பேச்சில் நாளேடு என்று அர்த்தம். 1484 மே 17-இல் தொடங்குகிறது. நாள்வாரியாக, என்ன விற்றது, என்ன விலைக்கு விற்றது. நூலின் முழுப்பெயர் இருக்காது, தனக்குப் புரிகிற அளவுக்குச் சுருக்கி எழுதியிருக்கிறார். கிறிஸ்டினா தோந்தி, நீல் ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பல வருடம் உட்கார்ந்து அந்தச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் எந்தப் புத்தகம் என்று பிரித்திருக்கிறார்கள்.

மொத்தம் சுமார் 25,000 புத்தகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடைப்பட்டது 1,346 நாள். நாளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. ஞாயிறும் திருநாளும் கழித்தால் இருபதுக்கு மேல். ஒரே ஒரு கடை! அச்சு பிறந்து முப்பது வருடம்தான் ஆகியிருந்தது. வெனிஸுக்கு அது வந்தே பதினைந்து வருடம்: 1469-இல் ஸ்பையர் ஊர் யோஹான் அங்கே முதல் அச்சகம் வைத்து, ஐந்து வருடத்துக்கு வேறு யாரும் அச்சடிக்கக் கூடாது என்று அரசிடம் உரிமையும் வாங்கினார். அடுத்த வருடமே இறந்துபோனார், உரிமையும் அவரோடு போய்விட்டது. அவர் பிழைத்திருந்தால் மாதீஸ் மாதிரி ஒரு கடை அத்தனை சீக்கிரம் வந்திருக்காது.

டுக்காட் வெனிஸின் தங்க நாணயம், சோல்தி சில்லறை. ஒரு டுக்காட் 124 சோல்தி. பெரிய சட்ட நூல்கள் டுக்காட் கணக்கில் போயின. பிள்ளைகளின் இலக்கணமும் மெல்லிய ஜெபப் புத்தகமும் சில சோல்திதான். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்தேன். பழைய புத்தகம் என்றால் அரசனும் ஆயரும் வைத்திருந்தது என்றே என் மனதில் இருந்தது. அந்தச் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் கிழியக் கிழியப் படித்தார்கள், கிழிந்ததும் போட்டுவிட்டார்கள். பெரிய சட்ட நூல் அலமாரியில் நின்று இன்றுவரை வந்துவிட்டது. ஆகவே மிஞ்சியதை மட்டும் வைத்து அந்தக் காலம் என்ன படித்தது என்று சொன்னால் தப்பாகிவிடும். மாதீஸின் ஒரு வரி, இன்று உலகில் எங்கும் கிடைக்காத ஒரு புத்தகத்துக்குச் சாட்சியாக நிற்கலாம்.

காசு இல்லாமல் வந்தவர்களும் உண்டு. எண்ணெய், ஒயின், மாவு கொடுத்துப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். பைண்டிங் வேலை செய்து கொடுத்துக் கழித்திருக்கிறார்கள். அதையும் பதிவு செய்திருக்கிறார். ஒரு மனிதர் மாவு மூட்டையோடு கடைக்குள் வந்து புத்தகத்தோடு வெளியே போகிறார். ராத்திரி வெகுநேரம் இந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

வெனிஸை விட்டு மனம் நகரவில்லை. அந்த ஊர் அச்சகர் ஆல்தோ மனூட்சியோ 1501-இல் கையில் பிடித்துப் படிக்கிற சின்ன அளவில் ரோமானியக் கவிஞர் வர்ஜிலைப் போட்டார். ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக்கொடுத்த சாய்வெழுத்து. உரை, விளக்கம் எதுவும் சுற்றி இல்லாமல் பாட்டு மட்டும். கூடிய சீக்கிரம் பிரான்சின் லியோன் நகரத்தில் அதே அளவு, அதே மாதிரி எழுத்து, அச்சகத்தின் பெயர் மட்டும் போடாமல் கள்ளப்பதிப்பு வந்துவிட்டது. செய்தவராகக் கருதப்படுபவர் பால்தசார் த கபியானோ. அவர் குடும்பத்துக்கு வெனிஸிலேயே புத்தக வியாபாரம் இருந்தது. புதுச் சரக்கு என்னவென்று முதலில் தெரிந்துகொள்ள வசதி.

ஆல்தோ 1503 மார்ச் 16-இல் ஓர் எச்சரிக்கைத் தாள் அடித்தார். லியோன் பதிப்பை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்கிறார்: தாள் மட்டம், ஏதோ கெட்ட வாடை அடிக்கும். எந்த நூலில் என்னென்ன பிழை என்றும் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்தே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

ஆல்தோவுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வெனிஸ் அரசு கொடுத்த உரிமை வெனிஸ் எல்லையோடு சரி. பீப்பாய்க்கு எல்லை இல்லை. ஆனால் லியோன் பதிப்பை வாங்கிய பிரெஞ்சு மாணவன் கையிலும் அதே வர்ஜில்தானே இருந்தது! இரண்டு பக்கமும் மனம் போகிறது.

பிப்ரவரி 5, ஞாயிறு

தமிழ் எப்போது அந்த அச்சுக்குள் வந்தது என்று மகள் கேட்டாள். 1554, லிஸ்பன். போர்த்துகீசிய மன்னரின் ஆணைப்படி கெர்மாவ் கல்யார்த் அச்சடித்த ஜெபப் புத்தகம். தமிழ்ச் சொற்கள், ஆனால் ரோமன் எழுத்தில், சிவப்பும் கறுப்பும் கலந்து. மொழிபெயர்த்த மூன்று தமிழர்களும் ஞானஸ்நானப் பெயர்களோடு குறிக்கப்பட்டிருக்கிறார்கள்: வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். தமிழ் எழுத்திலேயே அடித்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில்தான் வந்தது. லிஸ்பன் புத்தகம் சந்தைக்காக அடித்தது அல்ல, மன்னர் செலவில் மிஷனரிகளுக்காக. அதனால் இந்தக் குறிப்புகளில் அதற்கு ஓர் ஓரத்து இடம்தான். அந்த மூவரின் பெயரை விட்டுவிட மட்டும் மனம் வரவில்லை.

பிப்ரவரி 11, சனி

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப். விடியற்காலை ரயில், பிரஸ்ஸல்ஸில் மாறினேன். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பிளான்டின்-மொரெட்டுஸ் வீட்டில் நாலு மணி நேரம் இருந்தேன். அச்சகம் நடத்திய அதே குடும்பத்திடம், 1876-இல் நகராட்சி வாங்கும்வரை இருந்த வீடு. 1600 வாக்கில் செய்த இரண்டு அச்சு எந்திரங்கள் நிற்கின்றன. உலகிலேயே மிகப் பழையவை அவைதான். எழுத்துப் பெட்டிகள், மெய்ப்புத் திருத்துபவர்கள் எதிரெதிரே உட்காரும் ஓக் மேசை, முற்றத்தில் திராட்சைக் கொடி. ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் மேசையைப் போட்டிருக்கிறார்கள். கண் நோகும் வேலைக்கு அது வேண்டும்.

கிறிஸ்டோஃப் பிளான்டின் பிரெஞ்சுக்காரர். பைண்டராக வந்தவர். ஓர் இரவு ஆள் மாறிக் குத்திவிட்டார்கள், கை பழைய வேலைக்கு ஒத்துழைக்கவில்லை, அச்சுக்கு மாறினார். 1570-களின் நடுவில் பதினாறு எந்திரம் ஓடியது. 1568 முதல் 1573 வரை எட்டுத் தொகுதிகளாக ஐந்து மொழி பைபிள் போட்டார்: ஹீப்ரு, அரமேயம், சிரியாக், கிரேக்கம், லத்தீன். ஏறக்குறைய 1,200 படி. பின்னால் நின்றவர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப். மன்னர் பணம் வாக்களித்த வேகத்தில் வந்து சேரவில்லை. ஸ்பெயினுக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கான ஜெபப் புத்தகங்கள்தான் எந்திரங்களை ஓட்டின. 1576-இல் சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படை ஊரைச் சூறையாடியது. ஒன்பது முறை பணயப் பணம் கொடுத்துத் தப்பித்ததாக அவர் எழுதினார். பதினாறு எந்திரம் மூன்றாகச் சுருங்கியது. மறுபடி எழுந்தார்.

இது எல்லாம் தெரிவதற்குக் காரணம் அவர் வைத்திருந்த கணக்குப் புத்தகங்கள். யாருக்கு எத்தனை தாள், என்ன கூலி, எந்தச் சந்தைக்கு எத்தனை படி என்று எல்லாம் அந்த வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது. 2001-இல் யுனெஸ்கோ அந்தக் காப்பகத்தை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கணக்கெழுத்து வேலைக்கு இந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு உள்ளபடியே பெருமை.

திரும்பும் ரயிலில் மகளுக்குப் போன் போட்டு மக்தலேனாவைப் பற்றிச் சொன்னேன். பிளான்டினின் நாலாவது பெண். 1570-இல் பதின்மூன்று வயது. ஐந்து மொழி பைபிளின் மெய்ப்புத் தாள்களைப் பதிப்பாசிரியர் அரியாஸ் மொன்டானோவின் இருப்பிடத்துக்குக் கொண்டுபோய், மூலத்தை உரக்க வாசிப்பாள். ஹீப்ருவும் கிரேக்கமும் உட்பட. அப்பா தன் கடிதம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார்.

"அவளும் பீப்பாயைப் பார்த்திருப்பாளா அம்மா?" என்றாள்.

"வீட்டு வாசலிலேயே ஏற்றியிருப்பார்கள்" என்றேன்.

நாளை மழை இல்லையென்றால் இருவரும் புக்காஸ்ஸ வழியாக ஆற்றுக்குப் போவதாகப் பேசிக்கொண்டோம்.