பெரியவர்களுக்குத் திருமுழுக்கு: எத்தனை வகுப்பு என்பதற்கு முன்னால்

கத்தோலிக்கராக விரும்பி வருபவர் முதலில் கேட்பது, "எத்தனை வகுப்பு, ஃபாதர்?" பங்குத்தந்தை அன்றைக்கே திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு: ஏற்கெனவே வேறு சபையில் ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, ஆயிற்றா? திருமண நிலை என்ன?

தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் முறையாகக் கொடுத்த திருமுழுக்கை மறுபடி கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து, விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதலும் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) நற்கருணையும் (பூசையில் தரும் அப்பம்) பெற்றால் போதும். ஆகவே பழைய சான்றிதழை முதலிலேயே தேடி வாங்குங்கள்.

திருமண விஷயம்தான் அதிகம் சிக்கும். மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர் என்றால், முதல் திருமணம் செல்லும் என்றே திருச்சபை எடுத்துக்கொள்ளும், அது இந்தச் சபைக்கு வெளியே நடந்ததாக இருந்தாலும். இப்போதைய துணைவருக்கு முந்தைய திருமணம் இருந்தாலும் இதே கதைதான். அந்தத் திருமணம் செல்லாது என்று காட்ட மறைமாவட்டத்தின் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு முடிய மாதக்கணக்கில் ஆகும். திருமுழுக்குக் கொடுப்பது பாஸ்கா (ஈஸ்டர்) இரவில். அதற்கு முந்தைய தவக்காலத்தில் போய் ஆரம்பித்தால் அந்த ஆண்டு பாஸ்கா கை நழுவிவிடும்.

1972-இல் வெளியான சடங்குமுறைப்படி, ஏற்புச் சடங்கில் நெற்றியில் சிலுவை அடையாளம் இடப்பட்டதும் அவர் புகுமுகுநர், அதாவது திருமுழுக்குக்குத் தயாராகிறவர். அதற்குப் பிறகு மறைக்கல்வி. ஓர் ஆண்டு, தேவைப்பட்டால் அதற்கு மேலும். தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஆயர் (பிஷப்) முன்னிலையில் தேர்வுச் சடங்கு, அதாவது திருமுழுக்குக்குத் தேர்ந்தெடுக்கும் சடங்கு. 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள். பதில் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டாம், அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. சபை அவருக்காக மன்றாடும், அவ்வளவுதான்.

ஞானப்பெற்றோரை உறவு பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்று, ஒழுங்காகப் பூசைக்கு வருபவராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தந்தை ஆகாது.

பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டர் இரவு வழிபாடு) திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்று அருட்சாதனங்களும் ஒரே இரவில். ஆயர் வரட்டும் என்று உறுதிப்பூசுதலைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. பெரியவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவே அதையும் கொடுக்கலாம். அதன் பிறகும் தூய ஆவி பெருவிழா (பெந்தெகோஸ்தே) வரை கூட்டங்கள் தொடர வேண்டும். பாதிப்பேர் காணாமல் போவது இந்த வாரங்களில்தான், பெரும்பாலும் யாரும் கூப்பிடாததால்.

திருமுழுக்குப் பதிவேட்டில் அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரையும் எழுத்துப் பிசகாமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கோயில் கல்யாணத்துக்கு ஓலை (திருமண அறிவிப்பு) கேட்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.