ரோபோ காட்டுகிற வழி

"ரோபோவா தம்பி என் முதுகைக் கிழிக்கப் போகுது?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அந்த அம்மா கேட்டார். கீழ்முதுகில் எல்4 என்ற எலும்பு, அதற்கடுத்த எல்5 மேல் முன்னால் நழுவியிருந்தது. கால் மரத்துப்போய், தெருமுனைக்குள் இரண்டு தடவை உட்கார்ந்துதான் நடக்க முடிகிறதாம்.

"இல்லம்மா, டாக்டர்தான் பண்ணுவார். எங்கே, எந்தச் சாய்வில் துளை போடணும்னு அது பிடிச்சுக் காட்டும்" என்றேன். பாதி நம்பினார்.

நான் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்ப்பவன். முதுகெலும்பு ஒவ்வொன்றின் பின்னாலும் இடமும் வலமுமாக இரண்டு சின்னத் தூண்கள் உண்டு, பெடிக்கிள் என்பார்கள். நழுவிய எலும்பைப் பிடித்து நிறுத்தும் ஸ்குரூ அதற்குள் போக வேண்டும். உள்பக்கம் விலகினால் நரம்பு. முதுகைப் பெரிதாகத் திறந்தால் எலும்பு கண்ணுக்குத் தெரியும், சின்னக் கீறல் வழியாகச் செய்யும்போது தெரியாது. அதனால் முன்பு "ஷூட், இன்னொரு ஷூட்" என்று படம் மேல் படமாக எடுப்போம். சாயங்காலம் ஈய ஏப்ரனைக் கழற்றும்போது தோள்பட்டை கழன்று விழுவது போல இருக்கும்.

இப்போது சிடி ஸ்கேனை வைத்து ஸ்குரூவின் நீளம், தடிமன், சாய்வு எல்லாவற்றையும் டாக்டர் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் குறித்துவிடுகிறார். எங்கள் மிஷினில், மேசையில் பூட்டிய ரோபோவை இடுப்பெலும்பில் இறக்கிய ஒரு உலோகப் பின்னோடு இணைப்பார்கள். நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, இரண்டு எக்ஸ்ரே எடுத்துக் கொடுப்பேன். மிஷின் அவற்றைச் சிடியோடு பொருத்திப் பார்க்கும். ரெஜிஸ்ட்ரேஷன் என்பது இதுதான். பொருந்தினால் ரோபோவின் கை நகர்ந்து வந்து நிற்கும். அதிலுள்ள குழாய் வழியாக டிரில் பிடிப்பது டாக்டரின் கை. எலும்புச் சரிவில் டிரில் முனை வழுக்கினால் அதை உணர்வதும் அந்தக் கைதான். எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டை எடுப்பது, அந்த இடத்தில் கேஜ் என்ற சின்னக் கூடும் எலும்புத்தூளும் வைப்பது எதிலும் ரோபோவுக்கு வேலையில்லை. இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்ட மாதக்கணக்காகும், அதுவரை ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கும். ரோபோ படம் போட்ட விளம்பரத் தட்டிகள் இதையும் சொன்னால் தேவலை.

2004இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த ஸ்பைன்அசிஸ்ட் என்ற முதுகெலும்பு ரோபோ, இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்தில் மோஷே ஷோஹாம் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. குளிர்பான டின் அளவுதான். நோயாளியின் எலும்பு மேலேயே பூட்டுவார்கள். மூச்சில் முதுகு அசைந்தால் ரோபோவும் சேர்ந்து அசையும். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலும்போடு பிடிப்பு விட்டால் எல்லாமே பொய்யாகிவிடும்.

அதை ஒரு நாள் நானே கண்டேன். இரண்டு ஸ்குரூ முடிந்திருந்தது. சி-ஆர்மை இழுக்கும்போது அதன் உறை அந்தப் பின்னில் லேசாக உரசியது. திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வேறு யாரும் கவனிக்கவும் இல்லை. "சார், பின்னில் பட்டுடுச்சு" என்றேன். வாய் உலர்ந்துவிட்டது. டாக்டர் டிரில்லைக் கீழே வைத்தார். பின்னைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கி, மறுபடி இரண்டு படம், மறுபடி ரெஜிஸ்ட்ரேஷன். யாரும் திட்டவில்லை.

அந்த அம்மாவுக்கும் கடைசிப் படங்கள் நான்தான் எடுத்தேன். நான்கு ஸ்குரூவும் தூணுக்குள் இருந்தன. மறுநாள் வாக்கர் பிடித்து வராந்தாவில் நின்றார்.

இப்போதெல்லாம் சி-ஆர்மை நகர்த்துமுன் "பின்னுக்குப் பக்கத்துல வர்றேன்" என்று சத்தமாகச் சொல்கிறேன். ஸ்டாஃப் நர்ஸ் பின்னுக்கு மேல் கையை அணை மாதிரி வைத்துக்கொண்டு, "சரிண்ணா, வாங்க" என்பார். அப்புறம்தான் சக்கரத்தைத் தள்ளுவேன்.