மவுண்ட்டுக்கு வெளியே

சென்னையில் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் ஃபைல் தயார் செய்வது என் வேலை. சில வருஷமாகப் பழைய தாவரப் படங்களுக்கு நல்ல கிராக்கி. ஹோட்டல், கிளினிக், புது ஃபிளாட் எங்கும் சோஃபாவுக்கு மேலே பூப்படம் வேண்டும். சோஃபா என்ன நிறமோ அதே நிறத்தில் பூ கேட்பவர்களும் உண்டு.

பெரும்பாலும் முதலில் வரும் திருத்தம், "கீழே துண்டு துண்டா இருக்கே, அதை எடுத்துடுங்க." வெட்டிய சூலகம், பிரித்து வரைந்த மகரந்தத்தாள், குறுக்கே அறுத்த காய். செடியை இனம் காண்பதற்கென்று வரைந்த படங்கள் இவை. அந்தத் துண்டுகளுக்காகத்தான் ஓவியர் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பார். சரி, காசு கொடுப்பவர் சொல்கிறார், எடுத்துவிடுவேன்.

நிறம்தான் தலைவலி. செங்காந்தள் இதழ் அடியில் மஞ்சள், மேலே போகப்போகச் சிவப்பு. திரையில் தகதகக்கும், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் இறக்கினால் செங்கல்லாகிவிடும். சிவப்பைக் கூட்டினாலோ இதழின் நரம்பெல்லாம் காணாமல் போகும். "ஒரிஜினல் கலர் வரட்டும்" என்பார்கள். தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் தொகுத்த 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' என்ற நூல் 1795 முதல் 1820 வரை லண்டனில் 300 படங்களோடு வெளிவந்தது. அச்சடித்தபின் கையால் வண்ணம் பூசிய படங்கள். ஒரே படம் இரண்டு பிரதிகளில் இரண்டு பச்சையாக இருக்கும். எதை ஒரிஜினல் என்பது?

ராக்ஸ்பர்க்குக்கு வரைந்த நம்மூர் ஓவியர்களின் பெயர் படத்தில் கிடையாது. அடுத்து வந்த ராபர்ட் வைட், மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன், இந்த விஷயத்தில் பரவாயில்லை. 1840 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை லித்தோ (கல்லச்சு) படங்களில் பலவற்றின் அடியில் ரங்கையா, கோவிந்து என்ற பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கின்றன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். பிற்பாடு அதை வேறு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள், அது தாவரவியலில் சகஜம்.

ஃபிரேம் போடும்போது அந்தப் பொடி எழுத்துதான் முதலில் மவுண்ட்டுக்குள், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைக்குள், போய்விடும். அதனால் படம் தெரிய அட்டையில் வெட்டும் ஜன்னலை அரை இஞ்ச் கீழே இறக்கி வெட்டச் சொல்கிறேன். கேட்டால் பேப்பர் சைஸைக் காரணம் காட்டிவிடுவேன். இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு டாக்டரம்மா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருங்க கோவிந்து, உங்க ஓனரா?" என்றார்.