ஓட்டத்திலேயே கிடைக்கும் மின்சாரம்

ரயிலின் பயணிகள் பெட்டியில் விளக்கும் விசிறியும் இருப்பதால், சரக்கு வேகனிலும் மின்சாரம் இருக்கும் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலான வேகன்களில் மின்கம்பியே கிடையாது. ஆனால் சக்கர அச்சைத் தாங்கும் பேரிங் சூடேறி, கடைசியில் அச்சே முறிந்து வண்டி தடம்புரளாமல் இருக்க, வெப்பத்தையும் அதிர்வையும் கவனிக்கும் சென்சார் அங்கேதான் தேவைப்படுகிறது. பேட்டரி வைக்கலாம், ஆயிரக்கணக்கான வேகன்களைத் தேடிப் பிடித்து அதை மாற்றுவது யார்?

அதனால்தான் வண்டியின் குலுக்கலையே மின்சாரமாக்கும் வழி எனக்குப் பிடித்துப்போனது. நான் திறந்து பார்த்த ஒரு மாதிரிக் கருவியில், கம்பிச்சுருளுக்குள் ஒரு காந்தம் இரண்டு சுருள்வில்களுக்கு நடுவே நின்றது. கையில் பிடித்துக் குலுக்கியதும் மீட்டரின் முள் துடித்தது. கம்பிச்சுருளில் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் விஞ்ஞானி ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான், வேறொன்றுமில்லை.

சிக்கல் ஒத்ததிர்வில் இருக்கிறது. காந்தம் தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடினால்தான் நல்ல விளைச்சல். வேகனோ காலியாக ஓடும்போது ஒரு விதமாகவும், பாரம் ஏற்றியபின் வேறு விதமாகவும், வேகம் மாறும்போது இன்னொரு விதமாகவும் குலுங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க அதிர்வெண் வரம்பை விரித்தால், உச்ச விளைச்சல் குறைகிறது. கிடைப்பதும் பெரும்பாலும் மில்லிவாட் கணக்கில்தான். ஆகவே சென்சார் பெரும்பகுதி நேரம் தூங்கி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டரில் சேர்ந்ததைக் கொண்டு அவ்வப்போது விழித்து, அளந்து, செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் தூங்குகிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால் கெபாசிட்டர் வடிந்துவிடும். நிற்கும் வண்டியின் பேரிங் உராய்ந்து சூடேறப் போவதில்லை என்பதால், அதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை.