கோல் தின்ற கதை

துபாய் டெய்ராவில், க்ரீக் ஓரமாக எங்கள் சரக்கு ஆபீஸ். அங்கே கட்டி நிற்கும் மரக்கப்பல்களில் பல ஈரானுக்குப் போகிறவை. பக்கத்துக் கடையில் பிஸ்தா விற்கும் ஈரானியப் பெரியவர்தான் என் பாரசீக வாத்தியார். 'ஆகா' என்று கூப்பிடுவேன். வியந்து அல்ல, அது அவர்கள் ஊர் 'ஐயா'.

வினைச்சொல் பட்டியல் கேட்டால் கர்தன், ஸதன், கோர்தன் என்று விரலை மடக்கினார். செய்ய, அடிக்க, தின்ன. முன்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுக்கொண்டே போ என்றார். அவ்வளவுதானா என்று எனக்கு நம்பிக்கையில்லை.

பிறகுதான் உறைத்தது, நாமும் அதைத்தானே செய்கிறோம்! 'சாட் பண்ணு' அவர்களுக்கு 'சாட் கர்தன்'. பெயிண்ட் அடிப்பது 'ரங் ஸதன்', ஹாரன் அடிப்பது 'பூக் ஸதன்'. பேசுவதுகூட 'ஹர்ஃப் ஸதன்', நம் அரட்டை அடிக்கிற மாதிரி. நான்தான் ஆர்வக்கோளாறில் காலத்தைக் காட்டும் 'மீ'யை முன்னால் ஒட்டி 'மீஹர்ஃப் ஸனம்' என்று உளறினேன். 'ஹர்ஃப் மீஸனம்' என்று திருத்தினார். பேசவில்லை என்றால் 'ஹர்ஃப் நெமீஸனம்'. காலம், எதிர்மறை, ஆள் விகுதி எல்லாம் பின்னால் இருக்கும் வினையின் தலையில்தான். 'போன் அடிக்கலை'யில் போனுக்கு ஒன்றும் ஆகாத மாதிரி.

ஒருநாள் கடை டிவியில் ஃபுட்பால். அவருடைய அணி கோல் விட்டதும் தலையில் கைவைத்து, "கோல் கோர்தீம்!" என்றார். கோலைத் தின்றோமா? அடித்தவன் 'ஸத்', வாங்கியவன் 'கோர்த்' என்று விளக்கினார். 'கூல் ஸதன்' ஏமாற்றுவது, 'கூல் கோர்தன்' ஏமாறுவது. 'கொத்தக் கோர்தன்' என்றபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடி தின்பதுதான், வேறென்ன. எல்லாம் இப்படி ஜோடி சேராது. தோற்பது 'ஷெகஸ்த் கோர்தன்', தோற்கடிப்பதோ 'ஷெகஸ்த் தாதன்', அதாவது தோல்வியைக் கொடுப்பது.

வினை கடைசியில் வருவதால் வாக்கியமும் நம் வாக்கியம்தான் என்று மிதப்பாக இருந்தேன். 'கேதாப் ரா கான்தம்', புத்தகத்தைப் படித்தேன். 'ரா' நம் 'ஐ' மாதிரியே வந்து நிற்கிறது. என்ன, 'ஒரு புத்தகம்' என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் காணாமல் போய்விடும். பேச்சில் 'ரஃப்தம் கூனே' என்பார், நாம் 'போனேன் வீட்டுக்கு' என்பதுபோல.

மாட்டியது 'கே'யில். அதை நம் 'என்று' என நினைத்து, அவன் வருவான் என்று தெரியும் என்பதை அப்படியே அடுக்கினேன்: "மியாத் கே மிதூனம்." ஆகா புருவத்தைத் தூக்கியபடி மிச்சத்துக்குக் காத்திருந்தார். மிச்சம் இல்லை. அவர்கள் முதலில் 'தெரியும்' என்று சொல்லிவிட்டு, 'கே' போட்டு, என்ன தெரியும் என்பதைப் பின்னால் அவிழ்க்கிறார்கள்: "மிதூனம் கே மியாத்." 'நேற்று வந்த ஆள்' என்பதும் அங்கே ஆள் முதலில் வந்து, 'கே' வந்து, அதற்கப்புறம்தான் நேற்று வந்த சங்கதி. இதில் இன்னும் வாரம் ஒருமுறையாவது தடுக்கி விழுகிறேன். விழுவதும் 'ஸமீன் கோர்தன்', தரையைத் தின்பது.

போன வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனேன். என்னாச்சு என்றார். "சர்மா கோர்தம்," குளிரைத் தின்றுவிட்டேன். நமக்குச் சளி பிடிக்கும், அவர்கள் தின்கிறார்கள். பிழையில்லாமல் சொன்னதில் அவருக்கும் மகிழ்ச்சி. கண்ணாடிக் குவளையில் தேநீரை ஊற்றி நகர்த்தினார்.

"சாய் போகோர்," என்றார். அதுவும் கோர்தன்தான்.