எந்தக் கடையில் வாங்கினேன் என்ற கேள்வி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலையை நானும் என் தம்பியும் சேர்ந்து விளையாடுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம். வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கும் எங்களுக்கு அப்படி ஒரு மாலை அமைவது அரிது. இருவர் சேர்ந்து ஆடும் அந்த விளையாட்டை நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இணையக் கடையில் விலை கொடுத்து வாங்கியிருந்தேன். அவன், வேறொரு கடை அதை இலவசமாகத் தந்த வாரத்தில் தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தான். இருவரிடமும் ஒரே விளையாட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் உட்கார்ந்தோம்.

முதல் முக்கால் மணி நேரம் என் பக்கத்திலேயே போயிற்று. கடையின் மென்பொருளைத் திறந்தேன், அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. விளையாட்டைச் சொடுக்கியதும், அதை வெளியிட்ட நிறுவனத்தின் லாஞ்சர், அதாவது விளையாட்டைத் திறந்துவைக்கும் இன்னொரு நிரல், திறந்து, அதுவும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, நான் மறந்தே போயிருந்த ஒரு கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. சரிபார்ப்பு எண், கல்லூரிக் காலத்தோடு நான் கைவிட்ட மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதையெல்லாம் மீட்டு உள்ளே நுழைந்தபோது தம்பி தொலைபேசியில், "அண்ணா, உன் பெயர் என் பக்கம் வரவே இல்லையே" என்றான். வராது என்பது அதற்குப் பின்தான் தெரிந்தது. அந்த விளையாட்டின் இரண்டு பிரதிகளும் அந்தந்தக் கடையின் நண்பர் பட்டியலையும் இணைப்புச் சேவையையும் மட்டுமே நம்பி எழுதப்பட்டவை. ஒன்றை ஒன்று அறியாதவை.

கணினியில் விளையாடுபவர்கள் இந்தக் கடைகளைப் பற்றிக் கோபப்படும்போது, "ஒரு நிரலை இலவசமாக நிறுவிக்கொள்வதில் அப்படி என்ன சிரமம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். கடைகள் பல இருப்பது என் குறை அல்ல. ஒரு கடையில் நான் வாங்கிய பொருள் அந்தக் கடையின் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. விளையாட்டோடு என் சேமிப்புக் கோப்புகளும் நண்பர்களும் நூற்றுக்கணக்கான மணி நேரச் சாதனைகளும் அங்கேயே கட்டுண்டு கிடக்கின்றன. புத்தகத்தை எந்தக் கடையில் வாங்கினாலும் என் அலமாரியில் அது மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இங்கே அலமாரியே கடைக்காரருடையது.

இந்தக் கோபம் புதியதல்ல. வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற தன் இணைய விளையாட்டுக் கடையை 2003 செப்டம்பரில் தொடங்கி, 2004 நவம்பரில் வந்த ஹாஃப் லைஃப் 2 விளையாட்டுக்கு அதைக் கட்டாயமாக்கியபோது, வட்டைக் கடையில் வாங்கி வந்தவர்கள்கூட இணையத்தில் கணக்குத் தொடங்கி அனுமதி பெற்ற பிறகே ஆட முடிந்தது. அன்று ஸ்டீமை வெறுத்தவர்கள் ஏராளம். பின்னர் அதே ஸ்டீம் தானாகப் புதுப்பித்தல், சேமிப்புக் கோப்புகளை இணையத்தில் காத்துவைக்கும் மேகச் சேமிப்பு, வாங்கியவர்களின் விமர்சனங்கள், ரசிகர்கள் செய்த மாற்றங்களைப் பகிரும் இடம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அந்த வெறுப்பைக் கரைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஸ்டீம் என்பதே பலருக்குத் தங்கள் நூலகத்தின் பெயராகிவிட்டது. இன்றைய எரிச்சலின் ஒரு பகுதி அந்தப் பழக்கத்திலிருந்து வருவது என்பதை நான் மறுக்கவில்லை. இருபது ஆண்டுகளாக ஓரிடத்தில் சேர்த்ததை விட்டு வேறிடம் போக யாருக்கும் மனம் வராது.

போட்டியால் நன்மையே விளைந்ததில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஆரிஜின் கடை 2013இல் தன் சொந்த விளையாட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2014இல் இதே விஷயத்துக்காக வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதியை ஸ்டீம் 2015 ஜூனில் கொண்டுவந்தது. எதிர்க்கடையும் சட்டமும் இரண்டு பக்கமும் நெருக்கியதால் கிடைத்த பலன் என்றே அதை நான் கருதுகிறேன். ஒரு கடை வாடிக்கையாளரை இன்னும் நன்றாக நடத்தினால் மற்றக் கடையும் நடத்த வேண்டியதாகிறது. நான் வரவேற்கும் போட்டி இது.

2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் ஸ்டோர் வந்தபோது நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். விற்பனையில் ஸ்டீம் பொதுவாக எடுத்துக்கொண்ட பங்கு 30 சதவீதம். எபிக் 12 சதவீதமே போதும் என்றது. எபிக் கடை திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஸ்டீமும் தன் பங்கைக் குறைத்தது, ஆனால் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுகளுக்கு 25 சதவீதம், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 என்று அதிகம் விற்பவர்களுக்கு மட்டும் குறைத்தது. சிறிய நிறுவனங்களுக்கு எபிக் தந்த விகிதம் உண்மையிலேயே பெரிய உதவி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 18 சதவீத வித்தியாசம் படைப்பாளியின் கணக்கில் சேர்ந்ததே தவிர, வாங்குபவரின் கைக்கு வழக்கமாக வந்து சேரவில்லை. அமெரிக்காவில் மெட்ரோ எக்ஸோடஸின் விலையைப் பத்து டாலர் குறைத்தார்கள். பின்னால் வந்தவற்றில் அது நடைமுறையாகவில்லை.

மெட்ரோ எக்ஸோடஸ்தான் பலருக்கும் பொறுமை போன இடம். ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த அந்த விளையாட்டு, 2019 ஜனவரியில், வெளியீட்டுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, இனி ஓராண்டுக்கு எபிக்கில் மட்டுமே விற்கப்படும் என்ற அறிவிப்புடன் அங்கிருந்து எடுக்கப்பட்டது. முன்பதிவு செய்தவர்களுக்குச் சொன்னபடி ஸ்டீமிலேயே கிடைத்தது. மற்றவர்கள் 2020 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, அல்லது எபிக்கில் வாங்க வேண்டியதாயிற்று. இதைவிடவும் என்னை வருத்தியது பொதுமக்களிடம் நிதி திரட்டிய விளையாட்டுகளின் கதை. ஃபீனிக்ஸ் பாயிண்ட், ஷென்மூ 3 ஆகியவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களிடம், விளையாட்டு உருவாவதற்கு முன்பே, ஸ்டீம் பிரதி கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. 2019இல் இரண்டுமே எபிக்கின் பிரத்தியேக வெளியீடுகளாயின. பணத்தைத் திருப்பிப் பெறும் வழி பிறகு ஏற்பட்டது என்றாலும், ஒரு படைப்பு பிறக்க வேண்டும் என்று முன்கூட்டியே பணம் கொடுத்தவர், தன்னிடம் சொன்ன வார்த்தை வேறொருவருக்கு விற்கப்பட்டதை எப்படி எடுத்துக்கொள்வார்?

ஆலன் வேக் 2 போன்ற ஒன்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதன் உருவாக்கத்துக்கு எபிக் தானே பணம் போட்டது. தன் கடையில் மட்டும் விற்கிறது. தான் உண்டாக்க உதவியதைத் தன் கடையில் வைப்பதற்கும், உருவாகி முடியும் நிலையில் அடுத்த கடையின் அலமாரியில் இருந்ததை விலைபேசி எடுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. எபிக்கின் செய்கையில் எனக்கு வருத்தம் தந்தது இரண்டாவது வகை. வணிக வண்டி போல ஒரே நேரத்தில் பலவற்றைச் சேர்த்து வாங்கும் எளிய வசதிகூட எபிக் கடைக்கு 2021 டிசம்பரில்தான் வந்தது. வாரந்தோறும் இலவச விளையாட்டுகளுக்கும் பிரத்தியேக ஒப்பந்தங்களுக்கும் செலவிட்டவர்கள் அந்த மூன்று ஆண்டுகளில் கடையையே முதலில் செம்மை செய்திருந்தால், எங்களில் பலர் அழைக்காமலேயே போயிருப்போம்.

கோபம் எல்லை மீறிய தருணங்களும் உண்டு, அவற்றை நான் ஆதரிக்கவில்லை. பார்டர்லேண்ட்ஸ் 3 ஆறு மாதங்களுக்கு எபிக்கில் மட்டும் என்று 2019 ஏப்ரலில் தெரிந்ததும், அந்த வரிசையின் பழைய விளையாட்டுகள் ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களால் நிரம்பின. ஊப்லெட்ஸ் என்ற சிறிய விளையாட்டை உருவாக்கிய இருவர், எபிக்குடன் ஒப்பந்தம் செய்ததற்காக அதே ஆண்டில் வசைகளையும் மிரட்டல்களையும் வாங்கிக் குவித்தார்கள். நிலையான வருமானத்துக்கு உறுதி கிடைக்கும்போது அதை ஏற்கும் சிறு படைப்பாளியின் மேல் பாய்வதில் எந்த நியாயமும் இல்லை. நம்முடைய வழக்கு அவர்களோடு அல்ல.

ஸ்டீம், எபிக் என்று இரண்டு பெயர்களோடு இது முடிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். பெரிய வெளியீட்டாளர் ஒவ்வொருவரும் சொந்தக் கடை வைத்து, அதில் கூட்டம் சேராதபோது ஸ்டீமுக்குத் திரும்பி வந்து, திரும்பும்போது தங்கள் லாஞ்சரையும் கையோடு கொண்டுவந்ததில்தான் என் சனிக்கிழமை மாலையின் முக்கால் மணி நேரம் போனது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011இல் ஆரிஜினைத் தொடங்கித் தன் புதிய விளையாட்டுகளை அங்கே கொண்டுபோனது. 2019இல் ஸ்டீமுக்குத் திரும்பியது. ஸ்டீமில் வாங்கினாலும் அதன் பல விளையாட்டுகள் அந்த நிறுவனத்தின் செயலி வழியாகவே திறக்கின்றன. யுபிசாஃப்ட், ராக்ஸ்டார் விளையாட்டுகளிலும் இதே நிலை. இரண்டு வாயில்காப்போர், இரண்டு கணக்குகள். இரண்டில் ஒன்றின் சேவையகம் பழுதானாலும் தனியாக ஆடும் விளையாட்டுகூடத் திறக்காமல் போகலாம். சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 வந்து சில மாதங்களான பிறகு, 2024 மே மாதத்தில், ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கைத் தொடங்கவே வழியில்லாத நாடுகளில் இருந்தவர்களும் அதை வாங்கியிருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்த பின், சில நாட்களில் சோனி பின்வாங்கியது. இங்கே விமர்சனங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கடைகள் மூடப்படும்போதுதான் அலமாரி யாருடையது என்பது முழுதாக விளங்குகிறது. பெதஸ்தா என்ற வெளியீட்டு நிறுவனம் தன் லாஞ்சரை 2022இல் மூடியபோது வாடிக்கையாளர்களின் நூலகத்தை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. கூகுளின் இணையவழி விளையாட்டுச் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரியில் நின்றபோது விளையாட்டுகளுக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைத்தது. இவை நல்ல முடிவுகள், ஆனால் அந்த நிறுவனங்கள் மனம் வைத்ததால் கிடைத்தவை. யுபிசாஃப்டின் தி க்ரூ விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தப்பட்டபோது, அதை வாங்கியவர்களின் உரிமமே ரத்தாயிற்று. இணைய விற்பனையில் கொடுக்கப்படுவது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் நிறைவேறிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே ஸ்டீமின் பணம் செலுத்தும் பக்கத்தில் அந்த வரி இடம்பெறத் தொடங்கியது. முதன்முதலில் அதைப் படித்த அன்று, இத்தனை ஆண்டுகளாக நான் சேர்த்ததை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை உருட்டிப் பார்த்தேன்.

எல்லாக் கடைகளின் பட்டியலையும் ஒரே திரையில் காட்டும் பிளேநைட், ஜிஓஜி கேலக்ஸி போன்ற நிரல்கள் இருக்கின்றன. எந்த விளையாட்டு எங்கே இருக்கிறது என்று தேடும் சிரமத்தை அவை பெரிதும் குறைக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சொடுக்கியதும் பின்னால் அதே லாஞ்சர்தான் திறக்கிறது. நான் விரும்புவது அதற்கு அப்பால் ஒன்று: ஒரு கடையில் வாங்கிய உரிமத்தை மற்றக் கடைகளும் ஏற்க வேண்டும். இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு, அமெரிக்காவில் 2017 முதல் இயங்கும் மூவீஸ் எனிவேர் சேவையைக் காட்டுவேன். அங்கே ஒரு கடையில் வாங்கிய திரைப்படம், அதை வெளியிட்ட நிறுவனம் சேர்ந்திருந்தால், இணைக்கப்பட்ட மற்றக் கடைகளின் நூலகங்களிலும் தோன்றுகிறது. விளையாட்டுகளிலேயே ஜிஓஜி என்ற கடை 2016இல் ஒரு முயற்சி செய்தது. வாடிக்கையாளர்கள் ஸ்டீமில் வைத்திருந்த சில விளையாட்டுகளின், கடையின் அனுமதி தேவைப்படாத பூட்டில்லாப் பிரதியைக் கூடுதல் கட்டணமின்றித் தன் கடையிலும் தந்தது. தேர்ந்த சில விளையாட்டுகளோடு நின்ற அந்தத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. எபிக்கும் 2023 முதல், தன் கணினிக் கடையில் புதிதாகச் சேரும், பலர் கூடி ஆடும் விளையாட்டுகள், மற்றக் கணினிக் கடைகளில் வாங்கியவர்களோடும் சேர்ந்து ஆட இடம் தர வேண்டும் என்று விதித்தது. அந்த விதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நானும் தம்பியும் திறந்த விளையாட்டு அதற்கும் முந்தையது.

அன்றிரவு அவன், ஏற்கெனவே தன்னிடம் இருந்த விளையாட்டை, என் கடையில் இன்னொரு முறை விலை கொடுத்து வாங்கினான். முன்பு தனியாக ஆடி அவன் கடந்திருந்த கட்டங்கள் எல்லாம் பழைய பிரதியிலேயே தங்கிவிட்டன; முதல் கட்டத்திலிருந்து தொடங்கினோம். பதினொன்றரை மணி ஆகியிருந்தது, அவனுக்கு மறுநாள் காலை வேலை இருந்தது. நாற்பது நிமிடங்கள் ஆடினோம். இப்போதெல்லாம் எதையாவது வாங்குவதற்கு முன், அது நல்ல விளையாட்டா என்று கேட்கும் முன்பே, எந்தக் கடையில் என்று அவனுக்குச் செய்தி அனுப்புகிறேன். ஜிஓஜியில் கிடைப்பவற்றை மட்டும் அங்கே வாங்கி, நிறுவும் கோப்பைத் தரவிறக்கித் தனி வன்தட்டில் வைத்துக்கொள்கிறேன். அதில் இதுவரை முப்பத்தொரு விளையாட்டுகள் சேர்ந்திருக்கின்றன.