பம்பாரா என்று ஒரு கப்பல் கடலில் இல்லை

லண்டனில் இருக்கிற என் தங்கச்சியின் மகன் ஒரு கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மடிப்பு விழுந்து விழுந்து நடுவில் கிழிந்த, பழுப்பேறிய தாள். கூடவே குரல் பதிவு: "பெரியம்மா, என்னோட வேலை செய்யிற பிள்ளையின்ர அம்மம்மா தன்ர அண்ணனின்ர கல்லறையைத் தேடுறா. நேவியில இருந்தவராம், திருகோணமலையில செத்தவராம். ஒருக்காப் பார்க்க ஏலுமா?"

கடிதம் 1945இல் எழுதியது. கடற்படைப் பாதிரியார் ஒருவர் அந்தப் பையனின் தாய்க்கு எழுதியிருக்கிறார். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்தான், மரியாதையோடு அடக்கம் செய்தோம், நண்பர்கள் பெட்டியைச் சுமந்தார்கள் என்று. வயது இருபது. தங்கைக்கு அப்போது ஏழு வயது. இன்று அவர் எண்பதுகளின் கடைசியில் இருக்கிறார்.

அந்தக் குடும்பத்தை இத்தனை காலமும் அலைக்கழித்தது கடிதத்தின் தலைப்பில் இருந்த பெயர்தான்: எச்.எம்.எஸ். பம்பாரா. எச்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பெயருக்கு முன்னால் போடுவது. மூழ்கிய கப்பல்களின் பட்டியலில் தேடியிருக்கிறார்கள், இல்லை. மூழ்காத கப்பல்களிலும் இல்லை. கப்பலைக் கண்டுபிடித்தால் கல்லறையும் கிடைத்துவிடும் என்று நம்பியிருக்கிறார்கள்.

எனக்கு அந்தப் பெயரைப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. அப்பா இங்கே திருகோணமலையில், பிரிட்டிஷ் கடற்படையின் நேவல் யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957இல் பிரிட்டிஷ்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அவர் வாயில் பழைய பெயர்கள்தான் வரும். திருகோணமலைப் பக்கத்துச் சீனன்குடா விமானத்தளத்தை அவர் 'பம்பாரா' என்றுதான் சொல்லுவார். பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைக்கும். திருகோணமலைத் தளம் ஹைஃபிளையர், கொழும்பில் லங்கா, சீனன்குடாவில் கடற்படை விமானப் பிரிவு இருந்த இடம் பம்பாரா. அங்கே வேலை செய்தவன் காலில் செம்மண்தான் ஒட்டியிருக்கும், ஆனாலும் ஆவணத்தில் அவன் ஒரு கப்பலின் ஆள். வெளிநாட்டில் இறந்த கடற்படை உறவினரைத் தேடுகிறவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும் என்பேன்.

அடுத்து பார்த்தது சேவை எண். எண்ணுக்கு முன்னால் இருக்கிற எழுத்துகளை யாரும் கவனிப்பதில்லை. பி என்றால் போர்ட்ஸ்மவுத், டி என்றால் பிளிமவுத்திலுள்ள டெவன்போர்ட், சி என்றால் சாத்தம் (Chatham), மூன்றும் இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகங்கள். எந்தத் துறைமுகத்துப் பதிவில் அந்த ஆள் இருந்தார் என்று அந்த ஓர் எழுத்து சொல்லிவிடும். இந்தப் பையனின் எண்ணில் எஃப்எக்ஸ் இருந்தது. அது கடற்படை விமானப் பிரிவு. ஆள் ஏர் மெக்கானிக். சீனன்குடாவோடு சரியாகப் பொருந்துகிறது.

இந்த எழுத்து ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கடலில் போனவர்களுக்குக் கல்லறையே இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இறந்தவர்கள் 307 பேர். உடல் கிடைக்காத மாலுமிகளின் பெயர்கள் அவரவர் துறைமுகத்தைப் பொறுத்து போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாத்தம் நினைவுச்சின்னங்களில் இருக்கும். விமானப் பிரிவுக்காரர் என்றால் அதே இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலெண்ட் நினைவுச்சின்னத்தில். அப்படிப்பட்ட ஒருவரைத் தேடி இலங்கைக்கு டிக்கெட் எடுத்து வந்தால் பார்க்க இங்கே ஒன்றும் இருக்காது.

நம்ம பையன் ஆஸ்பத்திரியில் இறந்தவன். ஆகவே மண்ணில்தான் இருக்க வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் குடும்பப் பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது, அவ்வளவு சாதாரணமான பெயர். கடற்படை, இரண்டாம் உலகப் போர், இலங்கை என்று ஒவ்வொன்றாகக் குறுக்கிக்கொண்டு போனதில் அகப்பட்டான். திருகோணமலை யுத்த மயானம். பிரிவு, வரிசை, குழி எண் எல்லாம் அதிலேயே இருக்கிறது. தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

மயானம் உப்புவெளிப் பக்கம், நிலாவெளி வீதியில், டவுனிலிருந்து ஆறு கிலோமீட்டர் வரும். கடற்கரை ஹோட்டல்களுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். நான் காலையிலேயே போனேன். உச்சி வெயிலில் எழுத்துகள் தட்டையாகத் தெரியும், படத்தில் ஒன்றும் விழாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் செதுக்கல் எழும்பும். சோக்குக் கட்டியால் தேய்க்கிறது, கம்பி பிரஷ் போடுகிறது எல்லாம் வேண்டவே வேண்டாம், கல் கெட்டுவிடும். கொஞ்சம் தண்ணீரும் துணியும் போதும்.

மேலே நங்கூரம். அதன் கீழே எண், பெயர், பதவி, எச்.எம்.எஸ். பம்பாரா, தேதி, வயது. அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. போருக்குப் பிறகு ஆணையம் குடும்பங்களுக்குக் கடிதம் போட்டு, கல்லில் பொறிக்க ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டிருக்கிறது. அந்தத் தாய் பதில் எழுதியிருக்கிறார். அம்மா, அப்பா என்று தொடங்கி, கடைசியில் தங்கையின் செல்லப்பெயர்.

அந்தத் தங்கைக்கு அது தெரியாது. பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தாயும் தகப்பனும் அந்தக் கல்லைப் பார்க்காமலேயே போய்விட்டார்கள். அந்த வரியை மட்டும் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்து, மற்றப் படங்களுக்கு முன்னால் அனுப்பினேன். அன்றிரவே வீடியோவில் அழைத்தார்கள். அந்த அம்மா அதிகம் கதைக்கவில்லை. "கிட்ட மரம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அவனுக்கு வெயில் ஆகாது" என்றார்.

போருக்கு முந்தின காலத்து மாலுமி என்றால் வேலை கொஞ்சம் கடினம். ஆணையத்தின் பதிவில் வரமாட்டார்கள். பென்றி லூயிஸ் 1913இல் கொழும்பில் வெளியிட்ட இலங்கைக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பையும் தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகளையும்தான் புரட்ட வேண்டும். எங்கள் எஸ்பிளனேட் பக்கத்துச் சவக்காலையில் ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஆஸ்டின் இருக்கிறார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ஒரே தம்பி. 1801இல் போர்ப் பரிசுப் பணம் கிடைத்ததும் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக்கொண்டு போனவர். பர்மியப் போரின்போது 1852 அக்டோபர் 7 அன்று ஐராவதி ஆற்றில் வாந்திபேதியில் இறந்தார், வயது 73. எங்கேயோ ஆற்றில் இறந்தவரைத் திருகோணமலையில் போய்த் தேட யாருக்குத் தோன்றும்? இறந்த இடமும் அடக்கம் செய்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் மனதை விட்டுப் போகாத விஷயம். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அடுப்பறையிலும் தளத்திலும் வேலை செய்த நம் பக்கத்து ஆட்கள், லஸ்கர்கள், அவர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மட்டும் இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். அவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவுப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அதிலும் போரினால் இறந்தவர்களுக்குத்தான் இடம். அதே கப்பலில் சும்மா நோயில் இறந்தவருக்கு அதுவும் இல்லை. நாகப்பட்டினத்திலோ வல்வெட்டித்துறையிலோ "எங்கட தாத்தா கப்பலில் போனவர், திரும்பி வரேல்லை" என்று சொல்கிற வீடு இருந்தால், அந்தப் பதிவேட்டைத் தயவுசெய்து பாருங்கள். பெயரைப் பல விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கலாம், ஊர்ப் பெயரே ஆளின் பெயராகியும் இருக்கலாம்.

திருகோணமலையில் யாரையாவது தேடுகிறீர்கள் என்றால் பெயர், இறந்த ஆண்டு, எண் இருந்தால் எண், கப்பலின் பெயர் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். கடிதம், தந்தி, பழைய படம் எது இருந்தாலும் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். மழைக்காலம் இல்லாவிட்டால் ஒரு காலை போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.